கொசுவின் மேல் தொடுத்த வழக்கு

ஒரு கூடத்தில் பத்துப் பேர் படுத்து உறங்குகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய இரத்தத்தில் கொடிய நோய்க்கிருமி இருக்கிறது. இரவு முழுவதும் கொசு ஒருவனை விட்டு ஒருவன் மேல் உட்கார்ந்து அத்தனை பேருடைய இரத்தத்தையும் குடிக்கிறது. அப்படியிருக்க, முதல்வனுடைய இரத்தத்தில் அணுவளவேனும் அடுத்தவன் உடம்பில் சேராமல் எப்படித் தப்பும்? இக்கேள்வியைக் கல்லாத பாமரர் மட்டுமே கேட்கிறார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். பட்டம் பெற்றவர்களும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களும் கேட்கிறார்கள்; நியாயவாதிகள் கேட்கவும் நாம் கேட்டிருக்கிறோம். கேட்பதோடு நின்றால் பாதகமில்லை. எச்.ஐ.வி. கிருமி உள்ள குழந்தையை வகுப்பில் உட்காரவிடலாகாது, அத்தகைய குடும்பத்துக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கலாகாது என்று வாதிப்பவர்கள், வேறு காரணமெல்லாம் தீர்ந்தபின் கடைசியாகக் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சி இந்தக் கொசுதான். "தொட்டால் ஒட்டாது என்று நீர் சொல்வது சரி, கொசு கடித்தால்?" என்கிறார்கள். எதிரில் இருப்பவர் பெரும்பாலும் மௌனமாகிவிடுகிறார்.

அந்த மௌனம் வேண்டியதில்லை. இக்கேள்விக்குத் திட்டமான விடை இருக்கிறது. ஆனால் கேள்வியை நகைத்துத் தள்ளுவதும் முறையன்று. மலேரியாவையும் யானைக்காலையும் டெங்குவையும் கொசு பரப்புகிறது என்று நாமே சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டு, அடுத்த மூச்சில் இன்னொரு நோயை மட்டும் அது பரப்பாது என்று சொன்னால், காரணம் கேட்பவனை எப்படிக் குறைகூற முடியும்? நியாயஸ்தலத்தில் குற்றச்சாட்டை விசாரிப்பதுபோல் இதையும் விசாரிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட விசாரணை ஒன்று மெய்யாகவே நடந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் ஒகிசோபி ஏரிக்கரையில் பெல் கிளேட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கரிய மண், கரும்பும் காய்கறியும் விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் கூலி வேலைக்காக ஹெய்ட்டி முதலிய கரிபியன் தீவுகளிலிருந்து ஏழைகள் வந்து, நெருக்கமான, சுகாதாரம் குன்றிய வீடுகளில் குடியிருந்தார்கள். 1985-ஆம் ஆண்டில், ஜனத்தொகைக்கு ஒப்பிட்டால் இந்த ஊரில் எய்ட்ஸ் நோய் கண்டவர்களின் தொகை நாட்டிலேயே மிக அதிகமான தொகைகளில் ஒன்று என்பது வெளியாயிற்று. சதுப்பு நிலம், சாக்கடை, எங்கும் கொசு. மயாமியிலிருந்த வைத்தியர் இருவர், இங்கே நோயைப் பரப்புவது கொசுவாக இருக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறினார்கள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. நாடெங்கும் பீதி பரவியது. ஏற்கெனவே 1983-இல் ஹெய்ட்டி ஜனங்களை ஒரு ஜாதியாகவே எய்ட்ஸ் அபாயமுள்ளவர்கள் என்று அமெரிக்க சர்க்காரின் நோய்த்தடுப்பு ஸ்தாபனம் பட்டியலில் சேர்த்திருந்தது; 1985-இல்தான் அப்பெயரை நீக்கிற்று. வேலை போனதும் வீடு போனதும் அவர்களுக்கு. பட்டியலைத் திருத்தியவர்களுக்கு அல்ல.

அந்த ஸ்தாபனத்தார் பின்னர் பெல் கிளேட்டிலேயே வீடு வீடாகச் சென்று இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது, ஆனால் கூர்மையானது. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. குழந்தையையும் கிழவனையும் ஒருங்கே கடிக்கும். ஆகவே கொசுவே காரணமானால் எல்லா வயதினரிடமும் கிருமி காணப்பட வேண்டும். கண்டது என்ன? 2 வயது முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் கிருமியில்லை. முதியோரிடத்தில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை. வாலிபப் பருவத்தாரிடமும் நடுவயதினரிடமுமே இருந்தது. கொசுவினால் மெய்யாகவே பரவும் வேறு கிருமிகளுக்கு எதிரான அடையாளம் இரத்தத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அவ்வடையாளம் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. அதிகமாக இல்லை. ஆண் பெண் சேர்க்கையும் போதை ஊசியுமே அங்கு நோய் பரவிய வழிகள் என்று தெரிந்தது. இந்த முடிவு 1988-இல் பிரசுரமாயிற்று. இதற்கிடையில் 1987-இல் அமெரிக்கக் காங்கிரஸின் தொழில்நுட்ப ஆராய்ச்சி அலுவலகமும், பூச்சிகள் எய்ட்ஸைப் பரப்புகின்றனவா என்ற இதே கேள்வியை எடுத்து ஆராய்ந்து, அதற்கு ஆதாரமில்லை என்றே அறிக்கை வெளியிட்டது.

ஊரில் இல்லை என்று ருசுவாயிற்று. ஏன் இல்லை என்பதைக் கொசுவின் உடலுறுப்பிலேயே பார்க்கலாம்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டையிடுவதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். அதன் வாய் நாம் நினைப்பதுபோல் வைத்தியரின் ஊசியன்று. ஓர் உறைக்குள் ஆறு மெல்லிய கருவிகள் அடங்கியிருக்கின்றன. கடிக்கும்போது உறை வில்லாக வளைந்து வெளியே நின்றுவிடும். உள்ளே இறங்குபவை அந்த ஆறும்தாம். அவற்றில் இரண்டு ரம்பப் பல் கொண்டு சதையை அறுக்கின்றன; இரண்டு அதற்குத் துணை செய்கின்றன. ஐந்தாவது நம் இரத்தத்தை மேலே உறிஞ்சும் குழல். ஆறாவது கொசு தன் உமிழ்நீரைக் கீழே செலுத்தும் குழல். இவ்விரண்டும் வெவ்வேறு வழிகள் என்பதே நமது வழக்கின் உயிர்நிலை. ஒன்றில் மேல்நோக்கிய ஓட்டம். மற்றொன்றில் கீழ்நோக்கிய ஓட்டம். ஒருவனிடம் குடித்த இரத்தத்தை அடுத்தவனிடம் கொசு கக்குவதில்லை. கடித்த இடத்தில் தினவும் தடிப்பும் உண்டாவது அந்த உமிழ்நீரால். இரத்தம் உறையாமலிருக்கவும் நாளம் விரியவும் அதில் சில பொருள்கள் உண்டு. அவற்றை எதிர்த்து நமது உடம்பு போர் தொடுப்பதே தினவு. எனவே, "கொசு ஏதேனும் ஒரு வஸ்துவை நம்முள் விடுகிறதா?" என்று கேட்டால் "ஆம், தன்னுடைய உமிழ்நீரை" என்பதே விடை. "பக்கத்து வீட்டுக்காரனுடைய இரத்தத்தை விடுகிறதா?" என்றால் "இல்லை" என்பது விடை.

குடித்த இரத்தம் கொசுவின் இரைப்பையில் ஓரிரண்டு நாளில் ஜீரணமாகிறது. அதிலிருந்த எச்.ஐ.வி. கிருமியும் கூடவே ஜீரணமாகிவிடுகிறது. மனித உடம்பில் எந்த அணுக்களைப் பற்றிக்கொண்டு அக்கிருமி உள்ளே நுழைகிறதோ, அந்தப் பிடிமானம் கொசுவின் அணுக்களில் இல்லை. 1989-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரைப்பையைத் தவிர்த்துக் கொசுவின் உடலுக்குள்ளேயே ஊசியால் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள்; அப்போதும் அது பெருகவில்லை.

அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு கொசு ஒரு தடவை குடிப்பது இரண்டு மூன்று மைக்ரோலிட்டர்; ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் வயிற்றுக்குள் போய்விடுகிறது. குடிகாரனைக் கடித்த கொசு தன்னைக் கடித்தால் தனக்கும் போதை ஏறுமோ என்று வேடிக்கையாகக் கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் இரத்தத்துக்கு ஒரு கிராம் சாராயச் சத்து என்னும் அளவுக்குக் குடித்தவனிடம் கொசு எடுப்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் மூன்று பாகம். அவ்வளவையும் அப்படியே நமக்குக் கொடுத்தாலும் மதுவிலக்குக் காரியாலயத்தார் கவலைப்பட வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குத்திய ஊசி, அதன் குழலில் இரத்தத்தோடு, தவறி ஒரு நர்ஸின் விரலில் பாய்ந்துவிட்டால்கூட நோய் ஒட்டுவது ஏறக்குறைய 300 தடவையில் ஒரு தடவைதான். கொசுவின் வாய்க்கருவியில் ஒட்டியிருக்கக்கூடியது அந்த ஊசியில் உள்ளதற்கு எத்தனையோ ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் மலேரியா எப்படி வந்தது? இந்தக் குறுக்குக் கேள்விக்கு விடை நமது தேசத்திலேயே கிடைத்தது.

முதல் படியைப் போட்டவர் சீனாவில் ஆமாய் துறைமுகத்தில் வேலை பார்த்த ஸ்காட்லாந்து தேசத்து வைத்தியர் பேட்ரிக் மான்சன். 1877-இல் யானைக்கால் புழு இரத்தத்தில் இருந்த தமது தோட்டக்காரனைக் கொசுக்கள் கடிக்கும்படி செய்து, அக்கொசுக்களை அறுத்துப் பார்த்து, புழு அங்கே வளர்வதைக் கண்டார். ஆனால் அவர் ஒரு பெருந்தவறும் செய்தார். கொசு நீரில் முட்டையிட்டு அங்கேயே இறந்துவிடுகிறது, அந்த நீரைக் குடிப்பவனுக்குப் புழு சேர்கிறது என்று எண்ணினார். பெரியவர் சொன்னதால் ரொனால்டு ராஸும் அதையே நம்பினார். 1857-இல் அல்மோராவில் பிறந்து இந்திய வைத்திய சேவையில் உத்தியோகம் பார்த்த ராஸ், 1895-இல் செகந்திராபாத்தில் கொசு செத்த நீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்தே சோதனை செய்தார். லட்சுமணன் என்று ஒருவனுக்குச் சிறு காய்ச்சல் கண்டது; மற்றவர்களுக்குக் காணவில்லை. இரண்டு வருஷம் இப்படியே கழிந்தது. 1897-இல் உதகமண்டலத்துக்கு வந்தவர், மலையடிவாரத்துச் சீகூர் கணவாய்க்குப் போய்த் தாமே மலேரியாவில் படுத்தார். நமது நீலகிரியின் கொசு அவருக்கு விஷயத்தைக் கற்பித்த விதம் அது.

அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் செகந்திராபாத்தில், ஹுசேன் கான் என்னும் நோயாளியை, இறக்கையில் புள்ளியுள்ள கொசுக்கள் பத்து கடித்தன. கடிக்கு ஓரணா வீதம் ஹுசேன் கானுக்குக் கிடைத்தது பத்தணா. ஆகஸ்டு 20-ஆம் தேதி அந்தக் கொசுக்களில் ஒன்றை அறுத்துப் பார்த்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்ந்திருப்பதை ராஸ் கண்டார். மறுவருஷம் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவைக் கொண்டு ஆராய்ச்சி செய்து, இரைப்பைச் சுவரில் முதிர்ந்து வெடிக்கும் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்ச் சேருவதை 1898 ஜூலையில் கண்டுபிடித்தார். குடிநீரும் அல்ல, குடித்த இரத்தமும் அல்ல. உமிழ்நீரே வழி என்பது அன்று தெளிவாயிற்று. மனித மலேரியாவிலும் அனாபிலிஸ் கொசு மூலம் இதுவே நடக்கிறது என்பதை அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸ்ஸி என்பவரும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள். ராஸுக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. கல்கத்தாவில் அவருக்குக் கொசுப் புழுவைத் தேடிக் கொணர்ந்து உடனிருந்து உழைத்த முகம்மது பக்ஸின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? பத்தணா வாங்கிய ஹுசேன் கானின் பெயராவது குறிப்பேட்டில் எழுதப்பட்டதால் தப்பியது. 1900-இல் மான்சன் தம் பழைய தவறைத் திருத்திக்கொள்ள, ரோமாபுரியிலிருந்து நோயுற்ற கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்துத் தம் சொந்த மகனையே கடிக்கவிட்டார். மகன் மலேரியாவில் விழுந்து, கொயினா சாப்பிட்டுப் பிழைத்தான்.

இவையெல்லாம் சேர்ந்து நமக்குக் காட்டுவது இதுதான். மலேரியாக் கிருமிக்குக் கொசு வாகனமன்று, வீடு. அதில் அது குடியிருந்து, உருமாறி, பெருகி, சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உமிழ்நீர்ச் சுரப்பியை அடையும். டெங்குக் கிருமியும் இரைப்பைச் சுவரைத் துளைத்து உடலெங்கும் பெருகி உமிழ்நீருக்கு வர ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு நாளாகும். யானைக்கால் புழு உமிழ்நீர் வழியைக்கூட நாடுவதில்லை. கொசுவின் மூக்குறையிலிருந்து வெளிவந்து, தோலின்மேல் விழுந்து, கடித்த துவாரத்தைத் தேடி நுழைகிறது. கொசுவின் மூக்கில் அப்புழு இருப்பதை 1900-இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கண்டார். ஆக, நேற்றிரவு மலேரியா நோயாளியைக் கடித்த கொசு இன்று காலை நம்மைக் கடித்தால் அதனால் மலேரியா வராது. பத்து நாளைக்கு முன் கடித்து இன்னும் உயிரோடிருக்கும் கொசுவே ஆபத்தானது. கொசுவுக்குள் குடியேறத் தெரிந்த கிருமி பிழைக்கிறது. தெரியாத கிருமி உணவாகிறது.

எதிர்க்கட்சிக்குச் சாதகமான ஒரு சாட்சியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பெருகாமலே, வாய்க்கருவியில் ஒட்டிக்கொண்டு மட்டும் பரவும் நோய்களும் பிராணிகளிடையே உண்டு. ஆஸ்திரேலியாவில் பயிரை நாசமாக்கிய முயல்களை ஒழிக்க 1950-இல் ஒரு கிருமியைப் பரப்பினார்கள். அதைக் கொசுக்கள் குண்டூசி போலவே முயலுக்கு முயல் கொண்டுசென்றன. அம்முயலின் தோலிலுள்ள கட்டிகளில் கிருமி அடர்ந்து நிறைந்திருப்பதால் நுனியில் ஒட்டியதே போதுமானதாயிற்று. குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் வரும் சர்ரா நோயைக் கடிக்கும் பெரிய ஈக்கள் இவ்விதமே பரப்புகின்றன; அந்நோயின் கிருமியை 1880-இல் பஞ்சாபைச் சேர்ந்த தேரா இஸ்மாயில் கானில் கிரிபித் எவன்ஸ் கண்டார். ஆனால் அந்த ஈயின் வாய் கத்திரி போன்றது. வெட்டிக் குளமாகத் தேங்கிய இரத்தத்தை நக்குகிறது. அதில் ஒட்டும் அளவும் பெரிது. எச்.ஐ.வி. கிருமி மனித இரத்தத்தில் அவ்வளவு அடர்ந்து இருப்பதில்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அது குறைந்துவிடுகிறது. சட்டத்தில் சொல்வதுபோல், நடக்கக்கூடும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. உலகம் முழுவதும் இத்தனை ஆண்டுகளில் கொசுக்கடியால் எச்.ஐ.வி. வந்ததென்று ஒரே ஒரு வழக்கும் ருசுவானதில்லை.

கொசுவால் நமக்கு அயலான் இரத்தம் வருவதில்லையே தவிர, நம்மிடமிருந்து கொசுவுக்குப் போவது விசித்திரமான உபயோகங்களுக்கு வந்திருக்கிறது. 2008-இல் பின்லாந்தில் லாபுவா என்னும் ஊரில் களவுபோன மோட்டார் காரைப் போலீஸார் கண்டெடுத்தபோது, உள்ளே இரத்தம் குடித்துப் பருத்த கொசு ஒன்று இருந்தது. அதன் வயிற்றிலிருந்த இரத்தத்தின் டி.என்.ஏ. ஒருவனைக் காட்டிக் கொடுத்தது. தான் வழியில் ஏறிக்கொண்டு சவாரி மட்டும் செய்ததாக அவன் சொன்னான். 2017-இல் ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையார், கடித்த இரண்டு நாள் வரை கொசுவின் வயிற்றிலுள்ள இரத்தம் இன்னாருடையது என்று பிரித்தறியலாம் என்று காட்டினார்கள். நமது தொழில் நண்பர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். அந்தக் கொசு அவனைக் கடித்தது என்பது ருசுவாகும். எங்கே வைத்துக் கடித்தது என்பது ருசுவாகாது. கொசுவுக்கு இறக்கை உண்டு. எதிரியின் வக்கீல் அதை மறக்கமாட்டார். இன்னொரு பக்கம், ஐவர்மெக்டின் என்னும் மருந்தைச் சாப்பிட்டவனைக் கடித்த கொசு செத்துவிடுகிறது. கென்யாவில் குவாலே பிரதேசத்தில் கிராமத்தாருக்கு மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் அதைக் கொடுத்துப் பார்த்ததில், குழந்தைகளிடையே புதிய மலேரியா 26 சதவிகிதம் குறைந்தது என்று 2025-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் 6 பெண்களின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். அன்று முதல் இந்த நோயைப்பற்றி நமது ஜனங்களிடையே உலவிய பொய்களில் கொசுக் கதை மிகவும் ஆயுள் கெட்டியானது. ஏனெனில் அது பொய்யைப்போல் தோன்றுவதில்லை, சாஸ்திரத்தைப்போல் தோன்றுகிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10-ஆம் தேதி அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், உத்தியோகத்திலும் படிப்பிலும் வைத்தியத்திலும் வீடு வாடகைக்குக் கொடுப்பதிலும் இந்நோய் காரணமாக எவரையும் வித்தியாசமாக நடத்தலாகாது என்று விதித்திருக்கிறது. பள்ளி நிர்வாகி கொசுவைக் காட்டிக் குழந்தையை வெளியேற்றுவது அறியாமை மட்டுமன்று, சட்டவிரோதமான செய்கை. கிராமங்களில் வேலை செய்யும் அன்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய நிர்வாகியிடம் முதலில் கொசுவின் இரண்டு குழல்களை விளக்கிப் பார்க்கலாம். அதற்கும் மசியாதவரிடம் சட்டத்தின் பிரதியை நீட்டலாம்.

இதில் நமக்கு உண்டாகும் ஆச்சரியம் வேறொன்று. எந்த நோயாளியைக் கொசு கடித்தால் பயமில்லையோ அவனைக் கண்டு ஓடுகிறோம். எவனைக் கடித்தால் தெருவுக்கே ஆபத்தோ அவனைத் திண்ணையில் படுக்க வைத்து, பார்க்க வந்தவர்களை உடன் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். டெங்குக் காய்ச்சல் கண்டவனைக் கடித்த கொசு எட்டுப் பத்து நாளில் பக்கத்து வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோகும் தகுதியைப் பெறுகிறது. இந்த ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டிலுள்ள பானையிலும் குடத்திலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்வது. இரவில் மட்டும் வலை கட்டுகிறவர்கள் இதை அறிய வேண்டும். காய்ச்சல்காரன் பகலிலும் வலைக்குள் இருக்கவேண்டும். வலை போதாத வீட்டில் அதை முதலில் அவனுக்குக் கொடுக்கவேண்டும், சுகமாக இருப்பவர்களுக்கு அல்ல. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் வரை அவனிடமிருந்து கொசுவுக்குக் கிருமி சேரக்கூடும். மூன்றாம் நாள் வலையை அவிழ்த்துவிடலாம்.